நொண்டிச் சிங்கத்தின் வயது

ஆளைப் பார்க்காமலே வயதைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றே முக்காலோடு அது ஒழிந்தது.

நான் மெக்கானிக். மைக்ரோவேவ் அடுப்பு, வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, எது வந்தாலும் திறந்து பார்ப்பேன். கடை என்று தனியாக ஒன்றும் இல்லை, வீட்டின் முன்னறைதான். நீள மேஜை, அதன்மேல் குடலைத் தள்ளிக்கொண்டு கிடக்கும் மூன்று நாலு மெஷின், சுவரில் ஆணிக்கு ஆணி தொங்கும் ஒயர். மேஜை ஓரத்தில் போன் சாய்ந்து நிற்கும். போனுக்குள் எங்கள் குழு இருக்கும்.

ரிப்பேர் வேலைக்காரர்கள் நானூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்த குழு அது. சந்தேகம் கேட்கலாம், பதில் சொல்லலாம், முக்கால்வாசி நேரம் ஒருத்தர் காலை ஒருத்தர் வாரலாம். யாருக்கும் நிஜப் பெயர் கிடையாது, போன் நம்பரும் தெரியாது. பட்டப்பெயர் மட்டும்தான். நான் வைத்துக்கொண்டது 'ஷாக் அடிக்காதவன்'. இருபத்திரண்டு வருஷமாகத் தொழிலில் இருந்தும் ஒரு தடவைகூட ஷாக் வாங்கியதில்லை என்ற பெருமையில் வைத்த பெயர்.

கை வேலையாக இருக்கும்போது மனசுக்கு ஒரு வேலை வேண்டுமே. அதற்காகத்தான் இந்த வயசு விளையாட்டு. ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிறவனா, முப்பதுக்குக் கீழே. ஒரு வரிக்கு ஏழு ஆச்சரியக்குறி போடுகிறவனா, நாற்பத்தைந்தைத் தாண்டியாயிற்று. விடிந்ததும் பூப்படம் போட்டு வணக்கம் வைக்கிறவரா, ரிட்டயராகி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. 'ஃப்யூஸ் மாமா' என்கிறவருக்கு ஐம்பத்தாறு என்றேன், ஐம்பத்தேழு என்று அவரே ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம் இன்னும் இரண்டு பேருக்குச் சொன்னதும் பலித்தது. பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியுமா?

என் மனைவி மட்டும் மசியவில்லை. அவள் அஞ்சாங்கிளாஸ் டீச்சர். கல்யாணமானதிலிருந்து நானும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன். "பக்கத்துல உக்காந்து பொண்ணு பாத்தப்பவே என் வயசுல நாலைக் கொறச்சு நம்பினவர்தானே நீங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

நொண்டிச் சிங்கம் குழுவுக்குள் வந்து ஐந்து வாரம் இருக்கும். "வணக்கம். எனக்குக் காலில் அடிபட்டுள்ளது. வெளியே போக முடியாது. அதனால் இந்தக் குழுவில் சேர்ந்துள்ளேன்." இதுதான் முதல் பதிவு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி, ஒரு ஒற்றுப்பிழை இல்லை. எங்கள் குழுவில் முற்றுப்புள்ளி பார்ப்பதே அபூர்வம். படித்த மாத்திரத்தில் சொன்னேன், இது பழைய கட்டை, அறுபதுக்கு மேலே என்று.

மூன்றாம் நாள் அது நிச்சயமாகிவிட்டது. ஒருத்தன் வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை என்று கேட்டு, நாங்கள் பத்துப் பேர் பத்து விதமாகக் குழப்பிக்கொண்டிருந்தோம். சிங்கம் எழுதியது: "இதே கேள்வி இரண்டு வருடங்களுக்கு முன் இதே குழுவில் வந்துள்ளது. தண்ணீர் வெளியேறும் குழாயில் நாணயம் சிக்கியிருக்கும்." அவன் பிரித்துப் பார்த்தான், இரண்டு காசு இருந்தது. பழசையெல்லாம் உட்கார்ந்து படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ரிட்டயரான மனுஷனுக்குத்தான் இருக்கும். அன்றிலிருந்து நான் அவரைப் 'பெரியவரே' என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

தனியாகவும் பேச்சு வளர்ந்தது. "கால் எப்படி இருக்கு பெரியவரே?" என்று கேட்பேன். "கால் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். கால் பரவாயில்லை. ஆனால் மாடிப்படி இறங்க அனுமதி இல்லை" என்று வரும். என்ன ஒரு மரியாதை! கேட்டதைத் திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் சொல்கிற பண்பு இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது என்று டீச்சரிடம் புகழ்ந்து தள்ளினேன். அவள் அப்போது பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள், காதில் வாங்கவில்லை.

இன்னொரு நாள், "நேற்று ஒரு பல் விழுந்துவிட்டது. இன்னொன்று ஆடுகிறது. ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டேன்" என்று எழுதினார். பாவமாக இருந்தது. அப்புறம் ஒன்று: "மத்தியானம் தூங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். எனக்குத் தூக்கம் வருவதில்லை." இன்னொன்று: "இனிப்பு டப்பாவை எனக்கு எட்டாத அலமாரியில் வைத்துவிட்டார்கள். நான் கேட்டால் யாரும் தருவதில்லை." சர்க்கரை வியாதியும் இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். பல், கால், சர்க்கரை, தூக்கம், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து எழுபத்திரண்டு என்று முடிவு கட்டினேன். கூடக் குறைய ஒன்று.

அந்த வீட்டில் ஒரு மருமகள் இருப்பதாகவும், அவள் கொடுமைக்காரி என்றும் நானே முடிவு செய்திருந்தேன். மருமகள் என்று அவர் ஒரு தடவைகூட எழுதியதில்லை. வயசான மனுஷனுக்கு ஒரு துண்டு இனிப்புக் கொடுக்க மனசு வராதவள் வேறு யாராக இருக்க முடியும்? ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத அந்தப் பெண்ணை எத்தனையோ நாள் மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் செய்தி வந்தது.

"வணக்கம். எங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு ஓடுகிறது. விளக்கு எரிகிறது. தட்டு சுற்றுகிறது. ஆனால் சூடாகவில்லை. நான் காலையில் அதை உள்ளே ஒன்றும் வைக்காமல் ஓடவிட்டேன். ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார்கள். அதற்குள் சரி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எதையும் தொடாதே என்று சொன்னேனே என்பார்கள்."

கூடவே ஒரு படம். அடுப்பின் பின்பக்கம். ஓரத்தில் அதைச் சரிபார்த்த ஏதோ ஒரு கடையின் ஸ்டிக்கர். படத்தின் கீழே, தரையில் நீட்டிய காலின் மாவுக்கட்டு, அழுக்கும் கறையுமாக. கட்டைக்கூட மாற்றிவிடாமல் வைத்திருக்கிறாளே பாதகி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெரிய மனுஷன், வீட்டு அடுப்பைத் தொட்டதற்கு மருமகளுக்குப் பயந்து நடுங்க வேண்டுமா? ஆறு மணிக்குள் அந்த அடுப்பு சூடாகியே தீர வேண்டும் என்று எனக்கும் வீம்பு பிடித்துக்கொண்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மைக்ரோவேவுக்குள் கெப்பாசிட்டர் என்று ஒரு தகர டப்பா உண்டு. கரண்ட்டைச் சேர்த்து வைக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இரண்டாயிரம் வோல்ட் வரை தங்கிவிடலாம். தெரியாமல் கை வைத்தால் ஆள் காலி. அதனால் கவரைக் கழற்றியதும் முதல் வேலை, ரப்பர் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் அதன் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டு உள்ளே இருப்பதை இறக்கிவிடுவது. டப்பென்று ஒரு சத்தம் வரும். அதற்கப்புறம்தான் கை.

எங்கள் ஆட்களில் ஒருத்தரும் இதை இன்னொருத்தருக்குச் சொல்ல மாட்டார்கள். போன வருஷம் புதிதாக வந்த ஒருத்தன் ஃப்யூஸ் மாமாவிடம் போய், "முதல்ல கெப்பாசிட்டரை இறக்கிடுங்க, ஜாக்கிரதை" என்று எழுதிவிட்டான். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தான் என்று ஒரு வாரம் அவனை ஓட்டினோம். முதலில் ஓட்டியதே நான்தான். 'பாதுகாப்பு மந்திரி' என்று பெயர் வைத்தோம். பையன் குழுவை விட்டே போய்விட்டான். அன்றிலிருந்து அந்த ஒரு வரியை யாரும் எழுதுவதில்லை.

நானும் எழுதவில்லை. எழுபத்திரண்டு வயசு அனுபவஸ்தருக்கு நான் போய் இதைச் சொல்வதா? 'இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல சொல்றேன்' என்று தொடங்கியிருந்தேன், அதுகூட அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றி அழித்தேன். வேலையை மட்டும் எழுதினேன்: "பிளக்கை பிடுங்கிட்டு கவரை கழட்டுங்க. கீழ தகர டப்பா மாதிரி ஒன்னு இருக்கும். அதுல சொருகி இருக்கற ரெண்டு ஒயரையும் உருவுங்க. பக்கத்துல சின்னதா கருப்பா டயோடு. அத கழட்டி மீட்டர்ல பாருங்க. நூத்துக்கு தொண்ணூறு அதான் போயிருக்கும். ஜுஜுபி மேட்டர் பெரியவரே!!!"

"புரிந்தது. என்னிடம் ஸ்க்ரூ டிரைவரும் மீட்டரும் உள்ளன. இப்போது கவரைக் கழற்றுகிறேன். நன்றி."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் வந்துவிட்டாள். நான் அவசரமாக அடித்தேன்: "செஞ்சிட்டு சொல்லுங்க. டீச்சர் வந்துட்டாங்க. கை கழுவாம சாப்ட்டா அடி விழும்." கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை ஐந்தாறு போட்டேன். மணி மூன்றரை.

டீயைக் குடித்துக்கொண்டே பெருமையோடு போனை அவள் கையில் கொடுத்தேன். "பாரு, எப்பேர்ப்பட்ட மனுஷன், எப்படி எழுதறார் பாரு. அந்த மருமக படுத்தற பாடு இருக்கே..."

அவள் மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இது பெரியவர் இல்லங்க."

"பின்னே?"

"கேள்வியைத் திரும்ப எழுதிட்டு அப்புறம் பதில் எழுதணும்னு நாங்கதான் சொல்லிக் குடுக்கறோம். முற்றுப்புள்ளி வைக்கலன்னா அரை மார்க் கொறைப்போம். நேத்து நாப்பது தாள் திருத்தினேன், நாப்பதும் இப்படித்தான் இருந்துச்சு."

"பல்லு விழுந்திருக்கே?"

"பால்பல்லுங்க! பத்து வயசுல கடைவாய்ப் பல்லு விழும்."

எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கடைசியாக வந்த படத்தை அவள் இரண்டு விரலால் விரித்துக் காட்டினாள். மாவுக்கட்டின்மேல் அழுக்கு என்று நான் நினைத்தது அழுக்கே இல்லை. கலர் பேனா. பூ, நட்சத்திரம், ஒரு பூனை மூஞ்சி, சுற்றிலும் கோணல் கோணலான கையெழுத்தில் பேர் பேராக. நடுவில், 'சீக்கிரம் ஸ்கூலுக்கு வா.'

டீ டம்ளர் எப்போது கையை விட்டு நழுவியது என்று தெரியாது. காலில் சுட்டபோதுதான் உறைத்தது. இனிப்பு எட்டாத அலமாரி. மத்தியானத் தூக்கம். எதையும் தொடாதே. ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவது மருமகள் இல்லை, அம்மா. அந்த அம்மா வேலையில் இருக்கிறாள். வீட்டில் குழந்தை தனியாக இருக்கிறது. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது. எதைக் கழற்ற வேண்டும் என்று நான் வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன், உயிரைக் காக்கிற ஒரே ஒரு வரியைத் தவிர.

"தொடாதே" என்று அடித்தேன். அவசரத்தில் 'தோடதே' என்று போயிற்று. மறுபடி அடித்தேன். "கை வைக்காதே, தள்ளிப் போ, பதில் போடு." எல்லாம் போய்ச் சேர்ந்தன. ஒன்றையும் படித்ததாகக் காட்டவில்லை. படிக்க எப்படி முடியும், இரண்டு கையும் அடுப்புக்குள் இருந்தால்?

"பழைய பதிவெல்லாம் படிச்சிருக்கு இல்ல அந்தக் கொழந்த, அதுல யாராவது எழுதியிருப்பீங்களே?" என்றாள் டீச்சர்.

தேடினேன். 'இறக்கு' என்று தேடினேன், 'ஜாக்கிரதை' என்று தேடினேன். மூன்று வருஷம், நானூறு பேர், ஆயிரக்கணக்கான பதிவு. எந்த ஒயரை உருவ வேண்டும், எந்த ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும் என்று எல்லாம் இருந்தது. அந்த ஒரு வரி இல்லை. எழுதியவனையும் நாங்களே சிரித்து விரட்டியிருந்தோம், போகும்போது அவன் தன் பதிவுகளை அழித்துவிட்டுப் போயிருந்தான்.

ஸ்டிக்கர் நினைவுக்கு வந்தது. படத்தை இன்னும் பெரிதாக்கினேன். அதிலிருந்த கடை நம்பரின் கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மூன்றைப் போட்டேன், தவறான நம்பர். எட்டைப் போட்டேன், நிதானமான ஒரு ஆள் எடுத்தார். நான் உளறிய உளறலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர் போனைப் பிடுங்கி நாலே வாக்கியத்தில் சொன்னாள். அடுப்பின் மாடல் நம்பரைப் படித்தாள்.

"இருங்கம்மா, நோட்டுல பாக்கறேன். கண்ணாடிய எங்க வச்சேன்..." என்றார் அந்த ஆள். அந்த மனுஷன் பக்கம் புரட்டுகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அம்மாவின் நம்பர் கிடைத்தபோது மூன்று நாற்பத்தொன்று. இந்த முறை நானே பேசினேன்.

"உங்க வீட்டுல காலு உடைஞ்ச ஒரு கொழந்த இருக்கா?"

"யாரு நீங்க? என் பொண்ணுக்கு என்ன?"

"மைக்ரோவேவைப் பிரிச்சுக்கிட்டு இருக்கா. உள்ள கரண்ட் இருக்கும். யாரையாவது உடனே அனுப்புங்க. தயவுசெஞ்சு."

அந்தப் பெண் போட்ட ஒரு சத்தம்! ஐந்து வாரமாக நான் திட்டித் தீர்த்த மருமகளின் குரல் அது. "கீழ் வீட்டுல சாவி இருக்கு" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள், லைன் அறுந்துவிட்டது.

அதற்கப்புறம் நானும் டீச்சரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டிருந்தோம். உட்காரத் தோன்றவில்லை. மேஜைமேல் ஒரு மைக்ரோவேவ் திறந்து கிடந்தது. அதன் கெப்பாசிட்டர் என் கண்ணுக்கு நேராக இருந்தது, நூறு தடவை தொட்டிருக்கிறேன். முதன்முறையாக அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று கேட்டேன். கீழே கொட்டிய டீயை இரண்டு பேரும் துடைக்கவில்லை.

மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஹலோ," கீச்சென்று ஒரு குரல். "நான் நொண்டிச் சிங்கம் பேசறேன். கீழ் வீட்டு ஆன்ட்டி போன்லேர்ந்து. அம்மாதான் நம்பர் குடுத்தாங்க."

டீச்சர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஷாக் அடிக்காதவன் இருக்கானா?" என்றது குரல். "நீங்க அவனோட அப்பாவா?"

"நான்தாம்மா அது."

"எது?"

"நான்தான் ஷாக் அடிக்காதவன்."

"பொய். உங்க குரல் பெரியவங்க குரல். உங்களுக்கு எத்தனை வயசு?"

"நாப்பத்தாறு. உனக்கு?"

"எத்தனை வயசுன்னு கேட்டீங்க. பத்தரை. நான் உங்களைப் பதினொன்னுன்னு நெனச்சேன்."

"என்னையா?"

"ஆமா. எப்பப் பாத்தாலும் பெருமையா எழுதுவீங்க, பொம்மை பொம்மையாப் போடுவீங்க. என்னைப் பெரியவரேன்னு கிண்டல் பண்ணுவீங்க. டீச்சர்னா பயம். இன்னிக்குக்கூடக் கை கழுவலன்னா அடி விழும்னு எழுதினீங்க."

"உள்ள கை வச்சியா கண்ணு? அந்த ஒயரை உருவினியா?"

"இல்லையே. ஸ்க்ரூ எல்லாம் கழட்டி மூடியில போட்டுட்டேன். ஒயர்கிட்ட கை கொண்டுபோனேன். அப்பதான் டீச்சர் வந்துட்டாங்கன்னு நீங்க எழுதினதைப் பாத்தேன். அட, இவனும் ஸ்கூல் பையன்தானே, இவன் சொல்றதை நம்பி எப்படிக் கை வைக்கறதுன்னு விட்டுட்டேன். அம்மாகிட்ட திட்டு வாங்கிக்கலாம்னு பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருந்தேன். டேப்லட்டைச் சார்ஜ்ல போட்டுட்டேன், அதான் நீங்க அனுப்பினதெல்லாம் பாக்கல."

"நல்ல காரியம் செஞ்ச தாயி," என்றேன்.

"நீங்க பெரியவங்கன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள் கோபமாக. "தெரிஞ்சிருந்தா, சொன்ன மாதிரியே உடனே செஞ்சிருப்பேன்."

போனை அவள்தான் வைத்தாள். அழித்துவிட்டேனே, அந்த 'இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்', அது அழிந்த இடத்தையே திரையில் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு அடித்த முதல் ஷாக் அதுதான்.

ரொம்ப நேரம் கழித்துக் குழுவைத் திறந்து எழுதினேன். எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன் என்று ஆரம்பித்து, கவரைத் திறந்ததும் முதலில் கெப்பாசிட்டரை இறக்கு, எப்படி இறக்க வேண்டும், இறக்கத் தெரியாதவன் கவரையே தொடாதே என்று, வரிக்கு வரி முற்றுப்புள்ளி வைத்து எழுதினேன்.

அரை நிமிஷத்தில் முதல் பதில் வந்தது. 'இரும்புக்கை' என்கிற ஆள். குழுவில் மூன்று வருஷமாக இருக்கிறவர், பாதுகாப்பு மந்திரியை என்னோடு சேர்ந்து ஓட்டியவர், ஐம்பத்தைந்து வயசு என்று நான் கணித்து வைத்திருந்தவர். "என்ன அண்ணே, கொல்லன் தெருவுலயே ஊசி விக்கறீங்க?" என்று கேட்டிருந்தார்.

"உனக்கு என்ன வயசு?" என்று எழுதினேன்.

'இரும்புக்கை எழுதுகிறார்' என்று திரையில் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. டீச்சர் எழுந்து வந்து என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் காத்திருந்தோம். எழுதிக்கொண்டே இருந்தார், பதில் மட்டும் வரவில்லை.